வழியனுப்பக் கூடாத வீடு

சவப்பெட்டிக்குள் முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைத் துணி சுற்றிய ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதற்குக் கீழே, படுத்திருக்கும் ஆளுக்குப் போட்டுவிட்டதுபோல, மாரிவெலின் மஞ்சள் கவுனை விரித்து வைத்திருந்தார்கள். வேலைக்குப் போன ஜப்பானிலேயே எரித்துவிட்டார்களாம்; பெட்டியில் இருந்தது சாம்பல். துக்கத்துக்கு வந்தவர்கள் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தார்கள். எதைப் பார்த்து அழுவதென்று தெரியாமல் கவுனைப் பார்த்து அழுதார்கள்.

தங்கை லூடி மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. அவள் பாவாடைப் பையில் கைபேசி கிடந்தது. அதை அணைத்து வைத்துப் பதினேழு நாள் ஆயிற்று. ஆனாலும் தினமும் மாலை ஐந்தே முக்காலுக்கு அது அடித்தது. அவளுக்கு மட்டும் கேட்டது.

தான் வேலை செய்யும் ஊரிலேயே தங்கைக்கும் ஒரு வேலை பேசி வைத்திருந்தாள் மாரிவெல். லூடியும் மூன்று மாதம் ஜப்பானிய வகுப்புக்குப் போனாள். பிறகு ஒருநாள் நின்றுவிட்டாள்.

"உன்னைப் படிக்கவைக்க நான் இங்க ஒரு கிழவிக்கு மலம் அள்ளிக்கிட்டு இருக்கேன், நீ வகுப்புக்குப் போகமாட்டியா?" என்று அக்கா போனில் கத்தினாள்.

"நான் கேட்டேனா மானாங், அள்ளச் சொல்லி?" என்றாள் லூடி. மானாங் என்றால் அவர்கள் மொழியில் அக்கா. அவள் அக்காவோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அதற்குப் பிறகு மானாங் கூப்பிட்டால் அவள் எடுப்பதில்லை. கடைசி நாள் மாலை ஐந்தே முக்காலுக்கு மூன்று முறை அடித்தது. மேசைமேல் போன் நடுங்கி நடுங்கி நகர்வதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றாள். மறுநாள் காலையில் சேதி வந்தது. சமையலறையில் மாரடைப்பாம்.

மானாங் தன்னைத் திட்டிக்கொண்டே போனாளா? லூடிக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான். அதைச் சொல்லக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவள் இன்று காலைப் படகில், அந்தப் பெட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டு, பிள்ளையைச் சுமப்பதுபோல் இரு கையாலும் அணைத்துக்கொண்டு வந்து இறங்கியிருந்தாள். பெயர் ஷிசுகோ. மாரிவெல் பார்த்துக்கொண்ட கிழவியின் மகள், அவளுக்கே அறுபது வயது இருக்கும்.

அந்த வெயிலிலும் கழுத்துவரை கறுப்பு உடுத்தி, பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்காலைச் சேர்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தார்ப்பாய்க்கு அடியில், துக்க வீட்டில் கண்விழிக்கிறவர்களின் சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது.

"மாரிவெல்! இந்த பெர்த்தோ சீட்டை ஒளிக்கிறான் பாரு. ராத்திரி வந்து அவன் காலைப் பிடிச்சு இழு" என்றாள் செலிங் சித்தி, சவப்பெட்டியைப் பார்த்து.

"வரட்டும். எங்கிட்ட கடன் வாங்கின மீனைத் திருப்பிக் கொடுத்துட்டு இழுக்கச் சொல்லு!" என்றார் பெர்த்தோ மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொரு சிரிப்புக்கும் ஷிசுகோவின் தோள் தூக்கிப் போட்டது. வந்ததற்கு அவளிடம் யாரும் நன்றி சொல்லவில்லை. சாவு வீட்டில் யார்தான் நன்றி சொல்வார்கள்? கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் தரையைப் பார்த்தாள். தரையெல்லாம் சீட்டாடுகிறவர்கள் கொறித்துத் துப்பிய தர்ப்பூசணி விதைத் தோல். எழுந்தாள். மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து, குனிந்து, ஓசையில்லாமல் பெருக்க ஆரம்பித்தாள்.

"ஐயையோ, பெருக்குறாடி! பிடுங்கு, பிடுங்கு!" செலிங் சித்தி பாய்ந்துபோய்த் துடைப்பத்தைப் பறித்தாள். "பொணம் இருக்கிற வீட்டைப் பெருக்கினா மிச்சம் இருக்கிறதையும் சாவு வாரிக்கிட்டுப் போயிடுமே! யாராவது சொல்லித் தரக்கூடாதா இவளுக்கு?"

"ஆளையே எரிச்சு டப்பாவில போடுறவங்க. அவங்களுக்குத் துடைப்பம் ஒரு விஷயமா?" என்றார் பெர்த்தோ மாமா.

ஷிசுகோவுக்குப் பேச்சு புரியவில்லை, கோபம் மட்டும் புரிந்தது. இடுப்பு மடியக் குனிந்தாள். நிமிர்ந்து, மறுபடி குனிந்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டாள்.

வாசலில் செருப்பை வெகுநேரம் மாட்டினாள். நிமிர்ந்து லூடியைப் பார்த்தாள். அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்பது லூடிக்குத் தெரியும். வகுப்பில் ஆசிரியை சொல்லியிருந்தாள்: அந்த ஊரில் விருந்தாளியோடு வெளிவாசல்வரை போவார்கள், ஆள் கண்ணுக்கு மறையும்வரை நிற்பார்கள், உள்ளே சொல்லமுடியாததை அங்கேதான் சொல்வார்கள்.

லூடி எழுந்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உக்காரு."

"அவங்க நிக்கிறாங்கம்மா."

"நிக்கட்டும். வீட்டு ஆளு வழியனுப்பப் போனா அடுத்த சாவு அந்த ஆளுக்குத்தான். எனக்கு இருக்கிறது நீ ஒருத்திடி."

ஷிசுகோ படலைத் தாண்டித் திரும்பி ஒருமுறை குனிந்தாள். வாசல் வெறுமையாக இருந்தது. தென்னைகளுக்கு அருகில் திரும்பி மறுபடி குனிந்தாள். பாதை வளையும் இடத்தில் மூன்றாவது முறை திரும்பினாள்.

 மூன்றுமுறை கூப்பிட்டும் எடுக்காதவள் லூடி. கையை உதறிக்கொண்டு ஓடினாள்.

"லூடி! வாசலைத் தாண்டாதடி!" அம்மாவின் குரல் முதுகில் அடித்தது.

படகுத்துறையில் ஷிசுகோவைப் பிடித்தாள். கையைப் பற்றிப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குள் இழுத்துப்போய் உட்காரவைத்தாள். சாவு வீட்டிலிருந்து நேராகத் தங்குமிடம் போகக்கூடாது, போனால் செத்தவளும் பின்னாலேயே வந்துவிடுவாள், இடையில் எங்கேயாவது உட்கார்ந்து உதறிவிட்டுப் போகவேண்டும். அதை விளக்க லூடியிடம் சொற்கள் இல்லை. காப்பி வாங்கிக் கொடுத்தாள். விருந்தாளியாக மதிக்கிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, ஷிசுகோவின் கண் நிரம்பிவிட்டது.

கோப்பையைத் தொடாமல் தன் மொழியில் மெதுவாகப் பேசினாள், குழந்தைக்குச் சொல்வதுபோல் சின்னச் சின்னச் சொற்களாக.

"அன்னைக்குச் சாயங்காலம். நான் பக்கத்து அறையில. சமையலறைக் கதவு மூடி இருந்துச்சு. போன் சத்தம் கேட்டுச்சு. மாரிவெல் கூப்பிடுற சத்தம். மூணு தடவை."

லூடி தலையாட்டினாள். கடையின் மின்விசிறி ஒரு பக்கமாய்க் கிறீச்சிட்டது.

"அப்புறம் சத்தம் இல்ல. நீங்க எடுத்துட்டீங்கன்னு நினைச்சேன். அக்கா தங்கச்சி பேசுறாங்க, உள்ள போறது மரியாதை இல்லன்னு வெளியவே நின்னேன். ரொம்ப நேரம்." நெற்றி மேசையில் முட்டும்வரை குனிந்தாள். "கதவைத் திறந்திருந்தா... மன்னிச்சிடுங்க."

லூடிக்கு மன்னிப்புக்கான சொல் தெரியும். முதல் பாடத்திலேயே வரும். ஆனால் வாயில் வந்தது வேறு.

"நான் எடுக்கல. பார்த்துக்கிட்டே இருந்தேன். எடுக்கல."

ஷிசுகோ நிமிர்ந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரே மூடிய கதவுக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றவர்கள்.

"கோபமா இருந்தாளா?" லூடி தன் முகத்தைச் சுட்டிக் கேட்டாள். "முகம்?"

ஷிசுகோ யோசித்தாள். இல்லை என்று சட்டென்று சொல்லியிருந்தால் லூடி நம்பியிருக்கமாட்டாள். ஷிசுகோ எழுந்து, கடைச் சுவரில் முதுகைச் சாய்த்து, தரையில் உட்கார்ந்தாள். கடைக்காரி வாயைப் பிளந்து பார்த்தாள். ஷிசுகோ மடியில் ஒரு கையை விரித்து, அதில் போன் இருப்பதுபோல் குனிந்து பார்த்தாள், கதவைத் திறந்தபோது மாரிவெல் இருந்த மாதிரியே. அந்த முகத்தில் கோபம் இல்லை. இதோ எடுப்பாள், இப்போது எடுப்பாள் என்று காத்திருக்கிற முகம்.

லூடி வாயைப் பொத்திக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஐந்து மணிப் படகு கிளம்பியது. ஷிசுகோ படகில் நின்றபடி குனிந்துகொண்டே இருந்தாள். கறுப்பு உடை ஒரு புள்ளியாகி மறையும்வரை லூடி துறையில் நின்றாள். செய்யக்கூடாததைக் கடைசிவரை செய்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். மகளின் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள், ஏதாவது குறைந்திருக்கிறதா என்பதுபோல. லூடி முதல்முறையாகச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் போய், சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.

ஐந்தே முக்காலுக்கு அது அடித்தது.

அவள் எடுத்தாள். திரை கறுப்பாகவே இருந்தது. காதில் வைத்தாள்.

"சொல்லு மானாங்."

சீட்டுப் போடும் கைகள் நின்றன. "யாருடி அது?" என்று சிரிக்கப் பார்த்த பெர்த்தோ மாமாவின் குரல் பாதியில் நின்றது.

அந்தப் பக்கம் பேச்சில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோன்ற அமைதி மட்டும் இருந்தது. லூடி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அம்மா எழுந்து வந்தாள். மகளை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, கன்னத்தோடு கன்னம் வைத்து, அந்தப் போனின் மறுபக்கத்தில் தன் காதையும் வைத்தாள்.