வியாழக்கிழமை இல்லாத நாட்காட்டி

ஏழாவது வாரப் படத்திலும் ஆவுடையப்பன் அண்ணாச்சியின் வலது கணுக்காலில் அதே இடத்தில் கொசு கடித்திருந்தது. ஐந்தாவது வாரம் பார்த்தபோது சிவந்து, நடுவில் நகம் பட்ட கீறலோடு இருந்தது. ஆறாவது வாரமும் அதே சிவப்பு, அதே கீறல். எந்தக் கொசு இப்படி வியாழக்கிழமை பார்த்து, ஒரே காலில், ஒரே இடத்தில் வந்து கடிக்கும்? கொசுவுக்கு இருக்கிற ஒழுங்கு எங்கள் ஆஸ்பத்திரியில் யாருக்கும் கிடையாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு மூடினேன். கம்ப்யூட்டரில் அவர் பெயருக்கு எதிரே 'புண் ஆறி வருகிறது' என்று அடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். பெயர் ஜெபமலர். அந்த வருஷம் காந்திமதிநாதன் டாக்டர் என்னை வார்டிலிருந்து எடுத்து ஆராய்ச்சி வேலைக்குப் போட்டிருந்தார். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு வந்துதான் கட்டுப் போட வேண்டுமா, வீட்டிலேயே கட்டுப் போட்டுக்கொண்டு படம் அனுப்பினால் போதாதா என்பதுதான் அவர் கேள்வி. நல்ல கேள்விதான். வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு கட்டு மாற்ற இரண்டு பஸ் ஏறி வருகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். எங்கள் டாக்டருக்கு அறுபது சோறு வேண்டியிருந்தது. பாதிப் பேர் நேரில் வர வேண்டும். மீதிப் பேர் பன்னிரண்டு வாரம், வியாழன்தோறும், காலைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். நான் போனில் கூப்பிட்டு ஐந்து கேள்வி கேட்பேன். நோயாளி சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும், நம் அபிப்பிராயத்தைச் சேர்க்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பழைய படத்தை அனுப்பி ஏமாற்றாமலிருக்க, அன்றைய நாட்காட்டித் தாளைக் கிழித்துக் காலுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கச் சொல்லும் யோசனை என்னுடையது. டாக்டர் அதை எல்லோரிடமும் சொல்லி மெச்சினார்.

ஆவுடையப்பன் அண்ணாச்சி குற்றாலத்தில், மெயினருவிப் பக்கம், எண்ணெய் தேய்த்து மசாஜ் பண்ணிவிடுகிறவர். ஐம்பத்து நாலு வயது. வலது பெருவிரலுக்குக் கீழே ஒரு எலுமிச்சம்பழ அகலத்துக்குப் புண். மே மாதக் கடைசியில் மனைவி பேச்சித்தாயோடு வந்தார். மூடிய உறையைப் பிரித்து எந்தக் குழு என்று பார்த்தோம். "சாமி முன்னால பூக்கட்டிப் பாக்க மாதிரில்லா இருக்கு" என்று பேச்சித்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். சீட்டில் வீடு என்று வந்தது. அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் டாக்டர் அடுத்ததாகச் சொன்னதைக் கேட்டதும் சுருங்கியது.

"மூணு மாசத்துக்குத் தண்ணியில கால் வைக்கக்கூடாது. ஈரம் பட்டா காலு போயிரும். புரியுதா?"

"சரி சார்" என்றார் அண்ணாச்சி. டாக்டர் கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? அந்த மூன்று மாதம்தான் சீசன். ஆனி, ஆடி, ஆவணி. சாரல் விழுந்து அருவியில் தண்ணீர் கொட்டுகிற அந்த நாட்களில், நனைந்த பாறையில் நின்று ஊரார் முதுகையெல்லாம் தேய்த்தால்தான் அந்த வீட்டில் மற்ற ஒன்பது மாதமும் அடுப்பு எரியும். இது எனக்குத் தெரியும். தென்காசியில் இருக்கிற யாருக்கும் தெரியும். ஒப்புதல் படிவத்தை நான்தான் அவருக்கு வரிவரியாக வாசித்துக் காட்டினேன். புண் மோசமானால், நாற்றம் வந்தால், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று அதில் இருந்தது. வாசித்தேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

முதல் நாலு வாரம் அவர் சொன்னபடி இருந்தார். புண் உண்மையிலேயே ஆறியது. நாலாவது வாரம் பாதிக்கு மேல் சுருங்கி, ஓரமெல்லாம் வெளிர்சிவப்பாகச் சதை வளர்ந்திருந்தது. எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஜூன் கடைசியில் சாரல் பிடித்துக்கொண்டது. ஐந்தாவது வியாழக்கிழமை நான் கூப்பிட்டபோது போனுக்குள் அருவி கொட்டியது.

"எங்க இருக்கிய அண்ணாச்சி?"

"வீட்லதாம்மா இருக்கேன்."

"என்னமோ சத்தம் கேக்குதே?"

"மழைம்மா. இங்கன நல்ல மழை."

மழைக்கு நடுவே யாரோ "அண்ணாச்சி, அடுத்து எனக்கு" என்று கத்தினார்கள். நான் ஐந்து கேள்வியையும் கேட்டேன். காய்ச்சல் உண்டா, வலி உண்டா, நாற்றம் உண்டா, நடக்க முடிகிறதா, மொத்தத்தில் எப்படி இருக்கிறீர்கள். "நல்லா இருக்கேம்மா, ஒங்க புண்ணியத்துல" என்றார். நம் ஊரில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் பாடையில் படுத்திருப்பவன்கூட நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வான். அது மரியாதை. கேட்பவர் மனம் நோகக்கூடாது. வலி இல்லை என்று அவர் சொன்னது மட்டும் பொய்யில்லை. சர்க்கரை அந்தப் பாதத்தின் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. ஆணியே ஏறினாலும் அவருக்குத் தெரியாது. வலிக்கவில்லை என்றால் ஆறிவிட்டது என்று அவர் நினைத்திருப்பார். நான் அப்படி நினைக்கவில்லை. நான் நர்ஸ்.

அப்புறம் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்கலாம். அதற்குள் நாலு பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். "இனிமே ஒருத்தர் கொறைஞ்சாலும் பேப்பர் நிக்காது, ஜெபமலர். ஒன் பேரும் அதுல வரப்போவுது, பாத்துக்கோ" என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெளிநாட்டுப் பத்திரிகையில் என் பெயர். இதை நான் வீட்டில் சொல்லிவைத்தது தப்பாகப் போயிற்று. என் அப்பா ஞானதுரை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று, கர்த்தர் என் மகளை உயர்த்தினார் என்று சாட்சி சொல்லிவிட்டார். சபை முழுக்க அல்லேலூயா. கொசுக்கடியை நான் பார்த்தேன் என்று சொன்னால் அண்ணாச்சியின் பெயரை அடித்துவிடுவார்கள். அவ்வளவுதான் காரணம். பெரிய காரணமாகச் சொல்ல ஆசைதான், ஆனால் இல்லை.

பன்னிரண்டாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தேன். போன் அடித்தது.

"சிஸ்டர், நான் ஆவுடையப்பன் வீட்டுக்காரி பேசுதேன். அவியளுக்குத் தெரியாம பேசுதேன். காலு நாறுது சிஸ்டர். செத்த எலி கெடக்க மாதிரி நாறுது. பெருவெரலு கருத்துப்போச்சு. வலியே இல்லட்டிங்காவ. இன்னிக்கும் அருவிக்குப் போயிட்டாவ. நாளைக்குக் கூட்டிட்டு வந்துரட்டா?"

நான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே நாள் எண்ணினேன். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். பன்னிரண்டு வாரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அவர் தோற்றவர் கணக்கில் போவார். வியாழன் தாண்டினால் ஜெயித்தவர். நாலே நாலு நாள். இரண்டு மாதம் தண்ணீரில் ஊறிய கால் இன்னும் நாலு நாள் இருக்காதா? இப்படி யோசித்தேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாயில்லை.

"வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்கக்கா. நானே டாக்டர்ட்ட காட்டுதேன். அதுவரைக்கும் கட்ட மாத்திச் சுத்தமா வச்சுக்கோங்க."

"வெள்ளிக்கிழம வரைக்கும் தாங்குமா சிஸ்டர்?"

"தாங்கும்."

"நீங்க சொன்னா சரிதான்" என்றாள் பேச்சித்தாய். குரலில் அப்படியொரு நிம்மதி. போனை வைத்துவிட்டு மீதிச் சோற்றையும் சாப்பிட்டேன். மீன் குழம்பு.

வியாழக்கிழமை படம் சரியாக வந்தது. அன்றைய தேதி, ஆறிவரும் புண், கொசுக்கடி. போன் செய்தேன். குரல் தளர்ந்திருந்தது. மூச்சு வாங்கியது. அருவிச் சத்தம் இல்லை. அன்றைக்கு அவரால் எழுந்து போக முடியவில்லை போலிருக்கிறது. ஐந்து கேள்வியும் கேட்டேன். காய்ச்சல் இல்லம்மா. வலி இல்லம்மா. நாற்றம் என்று கேட்டபோது சற்றுத் தயங்கி, இல்லம்மா என்றார். நல்லா இருக்கேம்மா, ஒங்க புண்ணியத்துல.

"சரி அண்ணாச்சி. இதோட ஆராய்ச்சி முடிஞ்சுட்டு."

"முடிஞ்சுட்டா? நான் பாஸாயிட்டனாம்மா?"

"பாஸ் அண்ணாச்சி."

அவர் சிரித்தார். யாரிடமோ, பேச்சித்தாயிடமாக இருக்கும், "ஏட்டி, பாஸாம்லா" என்று சொல்வது கேட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். கட்டைப் பிரித்தபோது பழகிய வார்டு ஆயாவே முந்தானையை மூக்கில் வைத்தாள். கருப்பு பெருவிரலோடு நிற்கவில்லை. பாதம் முழுக்க வீங்கி, கணுக்காலுக்கு மேலே சிவப்பு ஏறியிருந்தது. கொசுக்கடி இருக்க வேண்டிய இடத்தில் நீர் கோத்த கொப்புளம். டாக்டர் குனிந்து பார்த்து, அழுத்திப் பார்த்து, நிமிர்ந்தார்.

"நாலஞ்சு நாள் முன்னாடி வந்திருந்தா வெரலோட போயிருக்கும்" என்றார். அவர் குணம் அது. மனதில் உள்ளதை அப்படியே சொல்லிவிடுவார். "இப்ப முழங்காலுக்குக் கீழ எடுத்தாத்தான் உயிருக்கு உத்தரவாதம்."

பேச்சித்தாய் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் டிரிப் சொட்டுவதை எண்ண ஆரம்பித்தேன். இப்போது கத்துவாள், இப்போது சொல்லிவிடுவாள் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். அவளோ காகிதத்தை நீட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தாள். அன்று சாயங்காலமே காலை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் டாக்டர் அறைக்குப் போனேன். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கர்த்தர் சத்தியமாக.

"சார், அந்த ஆவுடையப்பன்..."

"பாவம், என்ன? சரி, பன்னெண்டு வாரம் முடிஞ்சுட்டுல்லா?"

"வியாழக்கிழமையோட முடிஞ்சுட்டு சார்."

"அப்ப அது நம்ம டேட்டால வராது. ஸ்டடி பீரியட்ல அவருக்கு நல்ல அவுட்கம்." கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "வேற எதுவும் சொல்லணுமா?" என்றார். இல்லை சார் என்றேன். நல்லா இருக்கேம்மா என்று அண்ணாச்சி சொல்வதைப் போலவே அது வந்தது, தானாக.

புதன்கிழமை வரை வார்டுப் பக்கமே போகவில்லை. பிறகு போகாமலிருப்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று பயந்து, ஆறு ஆப்பிளை வாங்கிக்கொண்டு போனேன். அண்ணாச்சி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போர்வை இடது பக்கம் நீளமாக மேடிட்டு, வலது பக்கம் பாதியிலேயே தட்டையாகிக் கிடந்தது. என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. ஒங்கள நான் ஏமாத்திட்டேன்."

"என்ன அண்ணாச்சி?"

"எல்லாம் ஒரே நாள்ல எடுத்த படம்மா. நாலாவது வாரம், புண்ணு நல்லா இருந்துச்சுல்லா, அன்னைக்கே நாட்காட்டியில வர்ற வியாழக்கிழமையெல்லாம் முன்னாடியே கிழிச்சு, ஒண்ணொண்ணா வச்சு எடுத்துட்டேன். சீசன விட்டா என்ன பண்ணுவேன், சொல்லுங்க. இவ அப்பமே வைதா. வராத நாளக் கிழிக்காதிய, ஆகாதுன்னு. எங்க வீட்டு நாட்காட்டியில ரெண்டு மாசமா வியாழக்கிழமையே கெடையாதும்மா, புதன் முடிஞ்சா நேரா வெள்ளி." சிரிக்கப் பார்த்தார். கண்ணில் நீர் வந்தது. "நீங்க எம்புட்டு அக்கறையா வாராவாரம் கேப்பிய. ஒங்கள ஏமாத்துன பாவந்தான் எனக்கு இப்படி வந்துட்டு."

ஞாயிற்றுக்கிழமை போனைப் பற்றி அவரிடம் பேச்சித்தாய் இன்னும் சொல்லவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றிருந்தாள். நான் கொடுத்த ஆப்பிளை வாங்கி, பையோடு கட்டிலுக்கு அடியில் வைத்தாள். என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்பதற்காக நின்றாள். அந்தப் பாவத்தில் பெரும்பங்கு என்னுடையது என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும்.

"பரவால்ல அண்ணாச்சி" என்றேன். "மனசுல வச்சுக்காதிய."

மன்னித்துவிட்டேன். ஒரு காலை இழந்தவரை, பெரிய மனது பண்ணி, மன்னித்துவிட்டேன்.

"இன்னொண்ணும்மா" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எண்ணிக்க தப்பி ஒரு வாரம் கூடவே எடுத்துட்டேன். ஒண்ணு மிச்சம் கெடக்கு. அது ஒங்களுக்குத் தேவப்படுமா?"

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை பத்து மணி. கருத்தரங்குக்குப் போகிற போஸ்டர் அச்சாகி வந்திருந்தது. டாக்டர் மேஜையில் அதை விரித்து, நாலு மூலையிலும் மருந்து பாட்டிலை வைத்துவிட்டு, "வந்து பாரு, ஒன் பேரு" என்று கூப்பிட்டார். மூன்றாவது பெயர். எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது. அதை அப்பாவுக்கு அனுப்பப் படம் எடுக்கலாம் என்று போனைத் தூக்கினேன். கையிலேயே அது டிங் என்றது.

பேச்சித்தாயின் நம்பர். செய்தி ஒரு வரிகூட இல்லை. படம் மட்டும்.

பாயின் மேல் ஆவுடையப்பன் அண்ணாச்சியின் வலது கால். ஓரமெல்லாம் வெளிர்சிவப்பாக ஆறிவரும் புண். பக்கத்தில் ஓரம் கிழிந்த நாட்காட்டித் தாள், அதில் இன்றைய தேதி, வியாழக்கிழமை. கணுக்காலில் அந்தக் கொசுக்கடி, இப்போதுதான் கடித்துவிட்டுப் போனதுபோல் சிவந்திருந்தது.