டிரை வேண்டாம் என்றவன்

தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டை ஒட்டிய சந்தில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை வைத்திருந்தாள் சஃபீனா. கல்யாண ஸ்பீக்கர், பள்ளிவாசல் மைக்செட், கீபோர்டு என்று எது வந்தாலும் திறந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவாள். செம்பூரிலிருந்து வந்த ஆதர்ஷ் நீட்டிய அலுமினியப் பெட்டியைத் திறந்ததுமே, ஆளைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

அது கிடாருக்கான டிலே பெடல். வாசிக்கும் ஒலியைக் கொஞ்சம் பிடித்து வைத்திருந்து, எதிரொலியாகத் திருப்பித் தரும். வீட்டில் தானே செய்ததாக ஆதர்ஷ் நாலு தடவை சொன்னான். சொல்லத் தேவையே இல்லை. உள்ளே ஈயப் பற்று ஒவ்வொன்றும் காக்கை எச்சம்போல் வழிந்து கிடந்தது. பெட்டியின் படத்துக்கு இன்ஸ்டாகிராமில் எழுநூறு பேர் இதயம் போட்டிருந்ததையும் காட்டினான். மூடியைத் திறந்து எடுத்த படம் ஒன்றுகூட அதில் இல்லை.

கிடாரின் சொந்த ஒலியை டிரை என்பார்கள், எதிரொலியை வெட் என்பார்கள். அவன் பெட்டியில் டிரை எப்போதும் முழுதாக வந்தது. வெட்டை மட்டும் கூட்டிக் குறைக்கலாம். ஆதர்ஷுக்கு டிரையே கூடாதாம். கிடார் கேட்கக் கூடாது, அதன் நினைவு மட்டும்தான் கேட்க வேண்டும் என்று ஐந்து நிமிடம் விளக்கினான்.

கொஞ்சம் வாசித்துக் காட்டச் சொன்னாள். பத்து நொடி போதுமாக இருந்தது. ஓரிடத்தில் விரல் முந்தி ஓடியது, அடுத்த இடத்தில் நொண்டியது. எதிரொலி மேலே விழுந்து மூடிக்கொண்டதால் பிழைத்தான். எதை ஒளிக்க வந்திருக்கிறான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஒண்ணு சொல்லுதேன். டிரைய எடுத்துட்டா நீங்க வாசிச்சது பொறவுதான் கேக்கும். டிரம்ஸோட சேராது."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க சோல்டர் பண்ணுங்கோ, மியூசிக்கை எங்ககிட்ட விட்டுடுங்கோ."

டிரை வந்து வெட்டோடு சேரும் இடத்தில் இருந்த ரெசிஸ்டரின் ஒரு காலைத் தூக்கி, நடுவில் சின்ன சுவிட்ச் ஒன்றை வைத்தாள். மேலே தள்ளினால் டிரை வரும், கீழே தள்ளினால் வராது. சுவிட்ச்கூட வேண்டாம் என்றான், இருக்கட்டும் என்றாள். கையோடு அவனுடைய ஈயப் பற்றுகளையும் உருக்கி எடுத்துப் புதிதாக வைத்தாள். அவன்மேல் இரக்கம் ஒன்றுமில்லை. அந்த அசிங்கம் தன் கடையிலிருந்து வெளியே போவது அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. மாட்டுங்காவில் ஒரு சங்கத்தின் ஹாலில் ஒத்திகை, சாயங்காலம் நிகழ்ச்சி, பெடல் கெட்டுப் போயிற்று, உடனே வர வேண்டும் என்றான். கெட்டிருக்காது என்று தெரிந்தேதான் போனாள்.

மேடையில் டிரம்ஸுக்குப் பின்னால் ஸ்மிதா குச்சிகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் நாலாவது வரிக்குள் பாட்டு சிதறுகிறதாம். நிகழ்ச்சியை நடத்தும் பத்மஜா மாமியிடம் ஆதர்ஷ், எல்லார் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டிருந்தான்: "தாராவில குடுத்தது என் தப்பு மாமி. அங்கே இப்படித்தான் பண்ணித் தருவா."

சஃபீனா நேரே மேடையேறினாள். சுவிட்சை மேலே தள்ளி, எதிரொலியை முழுக்கக் குறைத்தாள்.

"இப்ப வாசிங்க."

மறுக்க வழியில்லாமல் வாசித்தான். ஸ்மிதா குச்சியால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தாள். தாளம் ஒரு பக்கம் போக, கிடார் இன்னொரு பக்கம் போனது. அது அந்த ஹாலில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

"பெடல் சரியாத்தான் இருக்கு" என்றாள் சஃபீனா. ஸ்மிதா சிரித்ததை மறைக்கவில்லை.

அத்தோடு முடிந்தது என்றுதான் சஃபீனா நினைத்தாள். ஆனால் கூச்சம் இருக்கிறவனுக்குத்தானே அது முடிவு. ஆதர்ஷ் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினான். பிறகு, இந்தப் படைப்புக்கு டிரம்ஸே தேவையில்லை என்று அறிவித்தான். மூன்று வருஷம் அவனோடு வாசித்த ஸ்மிதா குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி, கடைசி வரிசையில் சஃபீனாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருவருமே வீட்டுக்குப் போகவில்லை. அவன் என்னதான் செய்வான் என்று பார்க்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் ஹால் நிரம்பியது. ஆதர்ஷ் சுவிட்சைக் கீழே தள்ளிக் கண்ணை மூடிக்கொண்டான். தோன்றிய தந்தியைத் தோன்றிய நேரத்தில் இழுத்தான். தாளம் இல்லாத இடத்தில் எது பிந்தும், எது முந்தும்? பதினோரு நிமிடம் காற்று ஊதுவதுபோல் ஒரே எதிரொலி. முடிந்ததும் ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். கண்ணில் ஜலம் வந்துவிட்டதாகப் பத்மஜா மாமி மைக்கில் சொன்னாள்.

"டேபிள் ஃபேனை மைக்குக்கு முன்னாடி வெச்சாலும் இவா கை தட்டுவா" என்றாள் ஸ்மிதா. சஃபீனாவுக்கு அவனைவிட அந்தக் கூட்டத்தின்மேல்தான் அதிக இளக்காரமாக இருந்தது. அவனாவது தனக்கு வாசிக்கத் தெரியாது என்பதைத் தெரிந்து வைத்திருந்தான்.

மறு வாரம் சுனாபட்டியிலிருந்து நகுல் என்று ஒருவன் அதே மாதிரிப் பெட்டியோடு வந்தான். அவனுக்கு 'ஆதர்ஷ் சுவிட்ச்' வேண்டுமாம். பேர்கூட வைத்துவிட்டார்கள்.

"அது வாசிக்கத் தெரியாதவங்களுக்கு உள்ளது. ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

அவன் கொஞ்சம் யோசித்து, இப்போதுதான் கற்றுக்கொள்வதாகச் சொன்னான். சஃபீனா சுவிட்ச் வைக்கவில்லை. பாதிக்குமேல் டிரை குறையாதபடி திருகும் குமிழ் ஒன்றை வைத்துக் கொடுத்தாள்.

"இதுல முழுசா ஒளிஞ்சுக்கிட முடியாது" என்றாள். அவன் பெரிய வசதி ஒன்று கிடைத்ததுபோல் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.