பைப்பு நின்ற இடம்

1979இல் ஸவாஹிரா இலங்கையின் நமுனுகுல மலையடிவாரத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். பதுளைத் துணிக்கடைக்காரர் ஒருவரின் மகள். பகலில் பாடசாலை, மாலையில், வீட்டிலிருந்தே படிக்கும் வெளிவாரிப் பட்டத்துக்குச் சமூகவியல்.

அந்த வாரப் பாடம் அறிவொளிக் காலம். அரசனின் அதிகாரமும் ஏழையின் பசியும் கடவுள் விதித்தவை அல்ல, மனிதர் உண்டாக்கியவை. ஆகவே காரணம் தேடலாம், மாற்றலாம் என்று இருநூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் சிலர் துணிந்து சொன்னார்கள். சமூகத்தை ஆராயும் படிப்பு அங்கிருந்துதான் முளைத்தது. பரீட்சைக்காக அதை அவள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை, கொழுந்து பறிக்கும் பெரியாயியின் இரண்டு வயது மகள் வயிற்றோட்டத்தில் இறந்துபோனாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு ஸவாஹிரா துக்கம் விசாரிக்கப் போனாள்.

"எங்க தலையெழுத்து டீச்சர். கீழ் லயத்துல பொறந்தா இப்படித்தான்."

"மேல் லயத்துல?"

பெரியாயி யோசித்தாள். "அங்க இந்த வருசம் ஒண்ணும் சாகல."

மனப்பாடம் செய்த வரி ஸவாஹிராவுக்கு நினைவு வந்தது: கடவுள் விதித்தவை அல்ல, மனிதர் உண்டாக்கியவை. மறுநாளிலிருந்து ஒரு வாரம் லயத்து வீடுகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிக் கேட்டு எழுதினாள். அந்த வருடம் இறந்த பிள்ளைகள் ஒன்பது. ஒன்பதும் கீழ் லயம். ஊற்றிலிருந்து வந்த பைப்பு, கங்காணிமார் இருந்த மேல் லயத்தோடு நின்றுவிட்டது. கீழே குடித்தது மேல் லயத்துக் கக்கூஸ்களைத் தொட்டு ஓடிவரும் ஓடைத் தண்ணீர்.

தோட்டத் துரை அவள் நீட்டிய தாளை வாங்கவே இல்லை. "அவங்களுக்குச் சுத்தம் தெரியாது. நீங்க பள்ளிக்கூடத்தப் பாருங்க."

அவள் நேரே பெரியாயியிடம் போனாள். எழுதியதை எல்லாம் வாசித்துக் காட்டினாள்.

"அப்போ எம்புள்ள சாகாம இருந்திருக்கலாமா?"

பொய் சொல்ல ஸவாஹிராவுக்கு வாய் வரவில்லை. "ஆமாங்க, அக்கா."

பெரியாயி சத்தமாக அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.

அடுத்து வந்த திங்கட்கிழமைக் காலை, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்குக் கீழ் லயத்துப் பெண்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். ஒருத்தியும் கூடையைத் தொடவில்லை.

"பைப்பு வராம மலைக்கு ஏற மாட்டோம்," என்றாள் பெரியாயி.

வேலையிலிருந்து பேர் வெட்டுவதாகத் துரை மிரட்டினார். யாரும் அசையவில்லை. நல்ல மழைக்காலம், பறிக்காத கொழுந்து முற்றி வீணாகிக்கொண்டிருந்தது. நான்காம் நாள் லொறியில் பைப்புகள் வந்து இறங்கின.

அடுத்த மாதம் ஸவாஹிராவை மொனராகலைக்கு மாற்றிக் கடிதம் வந்தது. காரணம் எழுதியிருக்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பஸ் ஏற்றிவிட வந்த பெரியாயி அவள் பெட்டியை உள்ளே தள்ளிவிட்டுச் சொன்னாள்:

"அந்தக் கக்கூஸையும் ஓடைய விட்டுத் தள்ளிக் கட்டச் சொல்லி, வர்ற பெரட்டுல கேக்கப் போறோம் டீச்சர்."