டைனாவின் மகள் இன்க்ரீஸ்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய எழுத்திலிருந்து வந்தது.

இருநூற்றெண்பது வருஷத்துக்கு முன்னால், வர்ஜீனியாவில், எங்கள் ஆற்றங்கரையில், உயில் எழுதிய ஒருவர் ஒரு சொல்லின் முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டார். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் மேசைக்கும் பெரிய எழுத்துதான், மாட்டுக்கும் பெரிய எழுத்துதான். அதைப் பார்த்த ஒரு பெண், அது ஆள் பெயர் என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பெயர் இப்போது ஆறு வாரக் குழந்தை ஒன்றுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. நாளை காலை பதினொரு மணிக்கு மெத்தடிஸ்ட் கோயிலில் ஞானஸ்நானம்.

விஷயம் இவ்வளவுதான். இதை ஒழுங்காகச் சொல்வதற்குள் மூன்று நோட்டுப் புத்தகங்கள் பாழாகிவிட்டன. இது நாலாவது.

2

முதல் நோட்டின் முதல் வரி இது:

"1741, நவம்பர் மாதம். தோட்ட முதலாளி தாமஸ் டன்வெல் சாகக் கிடந்தார். வெளியே புகையிலைக் கொட்டகைகளில்"

அங்கேயே நிறுத்திவிட்டேன். சாகக் கிடக்கிற மனிதரை வைத்து ஆரம்பித்தால் படிக்கிறவருக்கு அவர் மேல் இரக்கம் வந்துவிடும், கதையும் அவருடையதாகிவிடும். அவர் பெயரில் ஏற்கெனவே ஒரு செங்கல் மாளிகையும் ஒரு சாலையும் ஒரு தொடக்கப்பள்ளியும் இருக்கின்றன. கதையும் வேண்டாம்.

இரண்டாவது நோட்டு: "மாவட்ட நீதிமன்றத்தின் ஆவண அறையில் எப்போதும் ஒரு பழந்தாள் வாசனை"

'எப்போதும்' என்று தொடங்குகிற கதையில் எதுவும் நடப்பதில்லை. அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "ஆர்டீலியா பிக்கெட் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்."

இது நடந்தது. இதை வைத்துக்கொள்கிறேன்.

3

ஆர்டீலியா பிக்கெட் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ஐம்பத்திரண்டு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பிள்ளைகளைக் காலையில் இறக்கிவிட்டு, மத்தியானம் திரும்ப ஏற்றப் போகும்வரை உள்ள நேரத்தை ஏழு வருஷமாக நீதிமன்றத்தின் இந்த ஆவண அறையில்தான் கழிக்கிறாள்.

"மறுபடியும் டன்வெல்லா?" அறைப் பொறுப்பாளர் மிஸ் லூனெல் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"வேற யாரு? எங்க ஆளுங்களைத் தேடணும்னா அவங்க பெட்டியைத்தானே குடையணும்? அவங்க சொத்துக் கணக்குல, வெள்ளிக் கரண்டிக்கும் கட்டிலுக்கும் நடுவுலதான் அடிமைங்களா எங்க முப்பாட்டி எல்லாம் உக்காந்திருக்காங்க."

"பேனா உள்ள கூடாது."

"தெரியும். காப்பி கூடாது, இருமல் வந்தா வெளிய போய் இருமணும். ஏழு வருஷமா வர்றேன் லூனெல்."

"ஏழு வருஷமா பேனாவோடதான் வர்றே."

அன்று அறையில் கோரின் என்று இன்னொரு பெண்ணும் இருந்தாள். பத்தொன்பது வயது. பழைய உயில்களைப் படித்து, யார் யாருக்கு எதைக் கொடுத்தார் என்று சுருக்கி, பெயர் அட்டவணை தட்டச்சுவது அவள் வேலை. மூலப் புத்தகங்கள் தொட்டால் உதிரும் என்பதால் வருகிறவர்கள் அட்டவணையைத்தான் பார்ப்பார்கள். டன்வெல் உயிலின் அட்டவணை அந்த வாரம்தான் முடிந்திருந்தது. அதில் ஒரு வரி:

*மகன் ஜானுக்கு: டைனா, நீக்ரோப் பெண், இன்க்ரீஸ், அவள் மகள்.*

ஆர்டீலியா அதன்மேல் விரலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"கோரின், இங்க வா கண்ணு. இதைச் சத்தமாப் படி. என் கண்ணாடி பொய் சொல்லுதோ என்னவோ."

கோரின் படித்தாள்.

"டைனா இருந்தா. 1783 சொத்துப் பட்டியல்ல ஹானா இருந்தா. ஹானாவுக்கு அப்புறம் என் அம்மா வரைக்கும் எல்லாரையும் கண்டுபிடிச்சுட்டேன். டைனாவுக்கும் ஹானாவுக்கும் நடுவுலதான் ஒரு பொம்பளை குறைஞ்சா. ஏழு வருஷம்!" ஆர்டீலியா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "இன்க்ரீஸ். என்ன பேரு பாரேன். பெருகுன்னு வச்சிருக்கா மகராசி."

"சத்தம்" என்றாள் மிஸ் லூனெல். ஆனால் அவளும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"என் மக டெனெலுக்கு இது எட்டாவது மாசம். பொண்ணுதானாம். 'நெவியா'ன்னு வைக்கப் போறாளாம், ஏதோ முகப்பவுடர் மாதிரி. இன்னிக்கு இருக்கு அவளுக்கு!"

4

(மூன்றாவது நோட்டில் அந்த அட்டவணையைத் தட்டச்சியவர் ஹாப்குட் என்ற பழைய எழுத்தர், செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. செத்தவர் மேல் போட்டால் வம்பு இல்லை. ஆனால் ஹாப்குட்டுக்குத் தட்டச்சே தெரியாது. தட்டச்சியவள் கோரின். கோரின் என்று யாரும் இல்லை, நான்தான். இருந்தாலும் அவளைக் கொஞ்ச தூரம் வைத்துக்கொள்கிறேன். என்னைவிட அவளுக்குக் கொஞ்சம் வாய் உண்டு.)

ஒரு சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கும். இன்க்ரீஸ் என்று ஒரு பெயரா? உண்டு. பக்தியுள்ள வெள்ளைக்காரர்கள் அப்போது பிள்ளைகளுக்குப் பொறுமை, கருணை என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். பேஷன்ஸ், மெர்சி, இன்க்ரீஸ். ஆகவே கோரினுக்குச் சாக்கு இருக்கிறது.

'மகள்' என்ற சொல்லுக்குத்தான் சாக்கு இல்லை. உயிலில் 'டைனாவும் அவள் இன்க்ரீசும்' என்று மட்டும்தான் இருந்தது. மகன் என்றும் இல்லை, மகள் என்றும் இல்லை. அந்தப் பக்கம் முழுக்க டைனா தனியாக நின்றாள். ஒரு பக்கம் உழவு மாடு, ஒரு பக்கம் இறகு மெத்தை. பக்கத்தில் ஒரு பெண் குழந்தை இருக்கட்டும் என்று கோரினின் விரல்கள் அடித்துவிட்டன. நான் எழுதிய முதல் கதை அதுதான். ஒரே ஒரு சொல்.

5

குழந்தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ப்ரெண்டிஸ் டன்வெல் வந்தார். தாமஸ் டன்வெல்லின் எட்டாம் தலைமுறை, குதிரை வளர்ப்பவர், பூட்ஸில் எப்போதும் வைக்கோல். உயிலில் தாமஸ் 'என் இப்போதைய மனைவி ஆன்' என்று எழுதியிருந்ததால், ஆனுக்கு முன்னால் ஒரு மனைவி இருந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, அவளைப் பதினோரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"ப்ரெண்டிஸ், எத்தனை தடவை சொல்றது?" என்றாள் மிஸ் லூனெல். "அதுக்கு முன்னாடி ஒருத்தி இருந்தான்னு அர்த்தம் இல்லை. நாளைக்கு ஆன் செத்து இவர் வேறொருத்தியைக் கட்டினா, அவ வந்து பங்கு கேக்கக் கூடாது. அதுக்காக வக்கீல் போடற வார்த்தை."

"அப்ப முதல் தாரமே இல்லையா?"

"இல்லை."

"பதினோரு வருஷமா இல்லாத பொம்பளை பின்னால சுத்தியிருக்கேனா? என் வீட்டுக்காரி கேட்டா நிம்மதியாத் தூங்குவா."

சிரித்துக்கொண்டே வம்ச மரத்தில் இருந்த ஒரு கட்டத்தை அழித்தார். மரத்தில் இன்னும் நானூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். ஒருத்தி போனதில் ஒரு கிளைகூட ஆடவில்லை.

பிறகு மூலப் புத்தகத்தையே பார்க்க வேண்டும் என்றார். மிஸ் லூனெல் பஞ்சு மேடையில் அதை வைத்து ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். அடுத்த பக்கத்துக்கு வந்ததும் ப்ரெண்டிஸ் தொடையில் தட்டிக்கொண்டார்.

"பாரு, கிழவன் நம்ம ஆளுதான்! 'மகள் எலிசபெத்துக்கு, என் செந்நிறப் பெட்டைக்குதிரையும் அவள் இன்க்ரீசும்.' எங்கப்பா காலம் வரைக்கும் விற்பனைச் சீட்டுல இப்படித்தான் எழுதுவாங்க. இனிமே போடற குட்டி, அந்தக் குட்டி போடற குட்டி, எல்லாம் சேர்த்து வாங்கறவனுக்கு."

மாடு, குதிரை வரிகளை மேலோட்டமாகவே பார்த்துத் தாண்டியிருந்த கோரின், அடுத்த மேசையில் தட்டச்சுவதை நிறுத்தினாள்.

மாட்டுக்கு ஈற்று, மனுஷிக்குப் பேறு என்று பிரித்துச் சொல்கிற மொழிகள் உண்டு. உயில் எழுதியவர் பிரிக்கவில்லை. டைனா இனிமேல் பெறப்போகும் பிள்ளை, அந்தப் பிள்ளை பெறப்போகும் பிள்ளை, எல்லாம் ஜானுக்கு. அந்தச் சொல்லுக்குள் ஒரு குழந்தைகூட இல்லை. இன்னும் பிறக்காத எல்லாரும் இருந்தார்கள். ஆர்டீலியாவும் இருந்தாள், டெனெலும் இருந்தாள், ஒரு வாரக் குழந்தையும் இருந்தது.

6

பத்து நாளைக்கு முன்னால் ஆர்டீலியா ஞானஸ்நான அழைப்பிதழோடு வந்தாள். ரோஸ் நிற அட்டை, தங்க எழுத்து: இன்க்ரீஸ் டைனா பிக்கெட்.

"மிஸ் ஆர்டீலியா, அந்த டன்வெல் உயில்ல..."

"அதை விடு கண்ணு, அந்த உயிலு இனி எனக்கு எதுக்கு? எனக்கு வேண்டியவளை எடுத்துக்கிட்டேன். நீதான் கண்டுபிடிச்சுக் குடுத்தவ, முன் வரிசையில உக்காரணும்."

"இல்ல, ஒரு பக்கம் நான் சரியா..."

"வெக்கப்பட்டுக்கிட்டு வாசல்லயே நின்னேன்னு வையி, கழுத்தைப் பிடிச்சு உள்ள தள்ளுவேன். போதகர்கிட்டகூடச் சொல்லிட்டேன். இருநூத்தெண்பது வருஷம் கழிச்சு ஒருத்தியை மறுபடி பேர் சொல்லிக் கூப்பிடப் போறோம்னு. மனுஷன் அழுதுட்டாரு."

"மிஸ் ஆர்டீலியா..."

"உருளைக்கிழங்கு சாலட் பிடிக்குமா உனக்கு?"

"பிடிக்கும்."

கோரின் அன்றைக்குச் சொன்ன முழு வாக்கியம் அது ஒன்றுதான். (அவளுக்கு வாய் உண்டு என்று எழுதியது என் தவறு.)

7

முடிவுகள். நான் எழுதிப் பார்த்தவை.

கோரின் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை வளர்கிறது. ஆர்டீலியாவின் அந்தப் பேத்தி ஒருநாள் தானே அந்த உயிலைத் தேடிப் படித்து... இதை முடிக்க முடியவில்லை. அந்தப் பேத்திக்கு இருபது வயதில் குதிரைப் பக்கத்தைத் தனியாகப் படிக்கக் கொடுக்கிற கதை இது.

அடுத்தது, கோரின் சொல்லிவிடுகிறாள், ஆர்டீலியா கத்துகிறாள். "ஏழு வருஷம் தேடினது நானு, ஏழு நிமிஷத்துல ஒருத்தியைப் பெத்துப் போட்டது நீயா?" இந்த வசனம் எனக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகம். திட்டு வாங்கினால் கணக்குத் தீர்ந்தது என்று எனக்குத் தோன்றிவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஆர்டீலியா கேட்டுவிட்டு அமைதியாகச் சொல்கிறாள்: "டைனாவுக்கு யாரோ ஒருத்தி பிறந்தாத்தானே ஹானா வந்தா? பேருதானே தப்பு. ஆளு சரிதான்." மூன்று முடிவுகளில் இதுதான் அழகு. நியாயமும்கூட, ஹானா எங்கிருந்தோ வந்துதானே ஆக வேண்டும். ஆனால் இதை எழுதி முடித்ததும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. காயப்பட்டவளை ஞானியாக்கி, அவள் வாயாலேயே எனக்கு விடுதலைச் சீட்டு எழுதி வாங்கியிருக்கிறேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

8

இங்கே கோரின் இல்லை. இன்று மத்தியானம் நான் போனேன்.

இரண்டு பக்கங்களையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் படியெடுத்திருந்தேன். இடப்பக்கம் டைனா, வலப்பக்கம் குதிரை. கீழே என் கையால் எழுதியிருந்தேன்: 'மகள் என்று சேர்த்தது நான். மூலத்தில் இல்லை.' வாயால் சொல்ல வராது என்று எனக்குத் தெரியும்.

சமையலறைக் கதவு திறந்தே இருந்தது. ஆர்டீலியா அவித்த முட்டைகளை இரண்டாக வெட்டி, மஞ்சள் கருவைக் கடுகு விழுதோடு பிசைந்துகொண்டிருந்தாள். நாளைக்கு அறுபது பேருக்கு.

"வாசல்ல நிக்காதேன்னு சொன்னேன்ல? என்ன தாளு அது?"

நீட்டினேன்.

"கையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு. நீயே பிடி. இன்னும் கிட்டக் காட்டு."

அவள் முகத்துக்கு நேராக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் உதடு அசையப் படிக்கிறவள். இடப்பக்கம் படிக்கும்போது சிரித்தாள். பழைய கையெழுத்தில் டைனாவின் பெயரை அவள் அதுவரை பார்த்ததில்லை. பிறகு வலப்பக்கம் வந்தாள். உதடு 'பெட்டைக்குதிரை' என்ற இடத்தில் நின்றது. திரும்ப இடப்பக்கம் போனது. கீழே என் வரிக்கு வந்தது.

உள்ளறையிலிருந்து டெனெலின் குரல்: "அம்மா! இன்க்ரீஸ் முழிச்சுக்கிட்டா! வந்து வாங்கிக்கோ!"

ஆர்டீலியா துணியை எடுத்துக் கையை ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். என் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டாள். என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். ஒரே வாக்கியம்தான். அதை நான் எழுதப்போவதில்லை. எழுத உட்கார்ந்தால் ஒரு சொல்லைக் கூட்டுவேன், அல்லது குறைப்பேன், அது எனக்குச் சாதகமாகத்தான் இருக்கும். அந்த வீட்டுக்கு என் கைச்சரக்கு ஏற்கெனவே ஒரு சொல் போயிருக்கிறது.

அந்த வாக்கியம் உங்களுடையது. எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற அவள் முகத்தைப் பார்த்து உரக்கப் படிக்க உங்களால் முடியவேண்டும். அவ்வளவுதான்.