கல்யாண மைக் செட்டில் மிவா பேண்டு

என் அண்ணன் ஆறுச்சாமி கென்யாவில் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். போனது என்னவோ கரும்பாலை ஃபிட்டராகத்தான். பிறகு பேண்டில் சேர்ந்துவிட்டான் என்று செய்தி வந்தது. எங்கள் ஊர் எருத்தேன்பதியில் பேண்டு என்றால் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கல்யாண ஊர்வலத்தில் குழல் ஊதுகிறவர்கள். இதற்கா கடல் தாண்டிப் போனான் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

லீவில் வந்தபோது அவனே விளக்கிப் பார்த்தான். கிசுமு என்ற ஊரில் ஆலைக்காரர்கள் நாலைந்து பேர் வேலை முடிந்ததும் கூடுவார்களாம். இரண்டு கிடார், ஒரு காலிப் பாகு பீப்பாய். பீப்பாயை அடிக்கிறவன் இவன். அவர்களுடைய ஏரிக்கரைப் பாட்டு, வெள்ளைக்காரன் கிடார், நம்மூர் அடி, மூன்றையும் கலந்து ஒன்று செய்கிறார்கள். பேண்டின் பெயர் மிவா, அவர்கள் பாஷையில் கரும்பு. முதலில் ஆலைக் கொட்டகை, பிறகு கிசுமுவில் ஒரு ஓட்டல், இப்போது நைரோபி ரேடியோ.

"ரேடியோல எங்க பாட்டு வருதும்மா!"

"வந்தா எனக்குக் கேட்டிருக்குமல்ல?" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு மட்டுமல்ல, எனக்கும் புரியவில்லை. புரிந்தது ஒன்றுதான். சித்தூரில் எனக்குப் பேசியிருந்த இடம், மோளம் அடிக்கிறவன் தங்கச்சி வேண்டாம் என்று விலகிக்கொண்டது. அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு மேளம் வேண்டும், அடிக்கிறவன் மட்டும் உறவில் வரக்கூடாது. நல்ல நியாயம்!

அடுத்த வருஷம் அப்பா போய்விட்டார். தந்தி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். அண்ணன் கருமாதிக்கும் வரவில்லை. அம்மா அவன் பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டாள்.

எழுபத்தாறில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கருப்புசாமி என்ற மாப்பிள்ளைக்குப் பெண் கேட்டு வந்தார்கள். இதுவும் தட்டிப்போனால் வேறு இடம் வராது என்று சொந்தபந்தமெல்லாம் என் காதுபடவே பேசின. அண்ணன் கல்யாணத்துக்கு வருவான் என்று நான் கடைசிவரை நம்பினேன். கல்யாணத்துக்கு முதல் நாள் வந்தது ஒரு இசைத்தட்டு. அவனோடு ஆலையில் வேலை பார்த்த எலப்புள்ளி கந்தப்பன் கொண்டுவந்தார். "அம்மா கேக்கோணும்னு குடுத்துவுட்டானுங்க. கண்ணாலம் முடிஞ்சு ஆற அமரக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, முகூர்த்தத்துக்கு வருவதாக ஊருக்குப் போய்விட்டார்.

அம்மாவுக்கு ஆற அமர என்பதெல்லாம் கிடையாது. எங்கள் வீட்டில் தட்டுச் சுற்றும் பெட்டியும் கிடையாது. விடிந்ததும் மைக் செட்டு குப்பண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"வந்து நிக்க வேண்டியவன் வல்ல. அவம் பாட்டாவது நிக்கட்டும்."

முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் குப்பண்ணன் அதைப் போட்டார். தென்னைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் கிடார் துள்ளியது. பந்தலில் குழந்தைகள் ஆடின. மாப்பிள்ளையின் அப்பா ஆறுமுகசாமி முழங்காலில் தாளம் போட்டார். மணையில் உட்கார்ந்திருந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சட்டென்று கிடார் நின்று பீப்பாய் மட்டும் அடிக்கத் தொடங்கியது. எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அந்த அடியை யாரும் சொல்லித்தர வேண்டாம். பிணத்தை எடுக்கும்வரை வாசலில் அடிக்கிற அடி அது.

ஆண்கள் எழவு வீட்டுப் பழக்கத்தில் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு, எதற்கு அவிழ்த்தோம் என்று விழித்தார்கள். காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். வயல்வரப்பில் நின்ற ஒப்பாரிக்காரி மருதாத்தாள் கூந்தலை விரித்துப்போட்டுக்கொண்டு, "அய்யோ சாமி, ஆரு போனாங்க?" என்று கதறி ஓடிவந்தாள். வாழைமரத்தையும் பட்டுச் சேலையில் என்னையும் பார்த்தவள், தொடங்கிய ஒப்பாரியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

ஆறுமுகசாமி எழுந்துவிட்டார். "ஏனுங்க, நாங்க கண்ணாலத்துக்கு வந்தமா, எழவுக்கு வந்தமா? வண்டியப் பூட்டுங்கடா!"

அதற்குள் பஸ்ஸிலிருந்து இறங்கிய கந்தப்பன் ஓட்டமாக வந்து சேர்ந்தார்.

"ஆறுச்சாமி அவங்கப்பனுக்கு அடிச்சதுங்க! தந்தி வந்தன்னிக்கு ஆலைக்கே வல்ல. கொட்டகைல உக்காந்து இதையே அடிச்சான். அங்க ஆருக்கும் ஒண்ணும் புரியல, கேட்டாலும் பேசல. அப்புறம் ஒருத்தன் கிடார எடுத்துட்டுக் கூடச் சேந்தான், ஒருத்தன் பாடினான். அதுவே பாட்டாயிருச்சு. இந்தப் பாட்டுலதானுங்க மிவா பேண்டு பேரெடுத்துச்சு. லண்டனுக்கே கூப்புட்டிருக்காங்க. அதனாலதான் அவன் வர முடியல."

என் அப்பா செத்ததற்கு நைரோபியில் ஆடுகிறார்களா? இவன் பெரிய ஆளானது அதை வைத்துத்தானா? பெருமைப்படுவதா, எதிரில் வந்தால் அறைவதா? அம்மாவைப் பார்த்தேன். அவள் போய்த் தட்டுச் சுற்றும் பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நிறுத்துடா அத!" என்று ஆறுமுகசாமி கத்தினார். குப்பண்ணன் கை இசைத்தட்டு முள்ளுக்குப் போனது.

நான் மணையை விட்டு எழுந்தேன். "கைய எடுங்க! எங்கப்பனுக்கு எங்கண்ணன் அடிக்கறான். முடியறவரைக்கும் ஆரும் தொடக்கூடாது. போறவங்க போய்க்கலாம்."

இந்த இடமும் போயிற்று, நானே வாயால் கெடுத்தேன் என்று நினைத்தேன். மாப்பிள்ளையும் எழுந்தார். வண்டிக்குத்தான் போகிறார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் நேரே அம்மாவின் பக்கத்தில் போய் நின்றார். தலையில் கட்டியிருந்த மாப்பிள்ளை உருமாலைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அவருடைய தாய் "அடேய்!" என்று அலறினாள். அவர் திரும்பவில்லை. ஆறுமுகசாமி கொஞ்ச நேரம் மகனையே பார்த்தார். பிறகு தன் துண்டையும் தோளிலிருந்து எடுத்தார்.

தட்டு முடிந்து முள் கரகரத்தது. கருப்புசாமி உருமாலைக் கோணலாகக் கட்டிக்கொண்டு மணைக்கு வந்தார்.

"உக்காரு, அம்மணி. நேரமாச்சு."

தாலி கழுத்துக்கு வந்தபோது கெட்டிமேளம் எழவில்லை. மேளக்காரர்கள் குச்சியைப் பிடித்தபடி, அடிக்கலாமா கூடாதா என்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடிங்க சாமி, நல்லா அடிங்க" என்றாள் அம்மா, தேம்பித் தேம்பி அழுதுகொண்டே.