பொத்தானின் பின்புறம்

மூன்றாவது கேமராவிலும் பொத்தான் கலங்கித்தான் விழுந்தது. மங்கையர்க்கரசி கேமராவின் திரையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். கைக்குட்டையின் மேல் குப்புறக் கிடந்த பித்தளைப் பொத்தான், படத்தில் பாயசத்தில் மிதக்கும் முந்திரிப் பருப்பு மாதிரி மங்கலாக இருந்தது. நூல் கோக்கும் வளையத்தைச் சுற்றிப் பொறித்திருந்த பொடி எழுத்துகளில் ஒன்றுகூடத் தெரியவில்லை. கடைக்காரர் யூசுஃப் பாய் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கண்ணாடி மேஜைக்கு மேலே இன்னொரு விளக்கைப் போட்டார். "ஏழு மெகாபிக்சல் மேடம், இதுக்கு மேல இப்ப மார்க்கெட்லயே கிடையாது" என்று இந்தியில் சொல்லிக்கொண்டே ரோஜா நிறத்தில் ஒல்லியான இன்னொரு கேமராவை எடுத்து வைத்தார். அதோடு ஒரு பை இலவசம் என்றார். அவள் கணவர் குணசேகரன் மடக்கிய குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வெளியே செகந்திராபாத் எஸ்.டி. ரோட்டில் மழை விட்டுவிட்டதா என்று பார்ப்பதுபோல் நின்றிருந்தார்.

ரயில்வே கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிடங்கிலிருந்த பழைய சீருடைகளையெல்லாம் மூட்டை மூட்டையாக ஏலத்துக்குக் கட்டியதை மங்கையர்க்கரசி பார்த்தாள். ஒரு காக்கிக் கோட்டில் கிரீடமும் எழுத்துகளுமாக ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டதும் வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். அன்று பிடித்த பித்து. நிஜாம் காலத்து ரயில்வே, போலீஸ், தீயணைப்புப் படை, கன்டோன்மென்ட் பட்டாளங்கள், பேரே தெரியாத ஏதோ ஜமீனின் காவலாளிகள் என்று பழைய இரும்புக் கடைகளிலும் வியாழக்கிழமைச் சந்தையிலும் தேடித் தேடிச் சேர்த்தவை மல்காஜ்கிரி வீட்டில் தகர டப்பாக்களில் நிறைந்திருந்தன. "சட்டையே இல்லாத வீட்ல இத்தனை பொத்தான்" என்று குணசேகரன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அதற்கு மேல் அவர் அதில் தலையிட்டதில்லை. போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து சுதர்சன் என்பவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். இந்திய ரயில்வே பொத்தான்களுக்கென்று இணையத்தில் ஒரு தளம் தொடங்குகிறார். நிஜாம் ரயில்வே பொத்தான் ஒன்றுகூட அவருக்குச் சரியாகக் கிடைக்கவில்லை. ஸ்கேனரில் எடுத்து அனுப்பினால் குவிந்த பித்தளை கறுத்துப்போகிறது. முன்னும் பின்னும் கிட்டத்தில் எடுத்த படம் வேண்டும், செய்தவன் பேரைப் படிக்க முடிகிற மாதிரி. உங்கள் பெயரைப் போட்டே வெளியிடுகிறேன் என்று முடித்திருந்தார். இத்தனை வருஷத்தில் அந்தப் பொத்தான்களைப் பற்றி ஒருவர் அவளிடம் வினயமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஏக் மினிட், மேடம்." யூசுஃப் பாய் அவளிடமிருந்த கேமராவைக் கையில் வாங்கினார். முழங்கைகளை மேஜையில் ஊன்றி ஒரு படம் எடுத்தார். திருப்பிக் காட்டினார். பொத்தானின் வளையம் தெரிந்தது, எழுத்துகளின் விளிம்புகள் தெரிந்தன. கேமரா சரியாகத்தான் இருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதியிலேயே, மனசில் எதுவும் இல்லாமல், "ஹாத் ஹில்ரா, மேடம். கை ஆடுது" என்றார்.

மங்கையர்க்கரசி சட்டென்று வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். காது மடல்கள் சூடாயின. எட்டு மாதமாக அவள் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த விஷயத்தை அந்த மனிதர் விளக்கு வெளிச்சத்தில் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார். ஊசியில் நூல் கோக்கும்போதுதான் முதலில் கவனித்தாள். பிறகு கரண்டி பிடித்தால், தம்ளர் தூக்கினால், பேனா எடுத்தால் என்று ஒவ்வொன்றிலும் அந்த நடுக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. அலுவலகத்தில் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டதால் தப்பித்துக்கொண்டிருந்தாள். மாயவரத்தில் அவள் அண்ணன் சிவஞானத்துக்கும் கையில்தான் ஆரம்பித்தது. கடைசியில் ஒரு வாய் ரசம்சாதத்தை அவராகச் சாப்பிட முடியவில்லை. முகம் மரப்பலகை மாதிரி ஆகி, தங்கை வந்திருக்கிறாள் என்று சிரிக்கக்கூட முடியாமல் கிடந்தார். அதை நேரில் பார்த்துவிட்டு வந்தவள் அவள். பெயர் சொன்னால் வந்துவிடும் என்பதுபோல் அந்த நோயின் பெயரை அவள் மனசுக்குள்கூட உச்சரிப்பதில்லை.

"எங்க, குடுங்க பாய்." குணசேகரன் குடையை மேஜைமேல் வைத்துவிட்டு முன்னால் வந்தார். "அவ மட்டும் இல்ல, எனக்கும் ஆடும். காலைல வெறும் டீயோட கிளம்பினோம். வயித்துல ஒண்ணும் இல்லேன்னா யாருக்கும் கை நிக்காது" என்று பாதி இந்தி பாதி தெலுங்கில் சொல்லிக்கொண்டே கேமராவை வாங்கிப் பொத்தானை ஒரு படம் எடுத்தார். "தேகோ!" என்று வெற்றியோடு திருப்பிக் காட்டினார். சுத்தமாகக் கலங்கியிருந்தது. யூசுஃப் பாய் சிரித்து, "ஹவ், ஹவ்" என்று ஆமோதித்துத் தலையாட்டினார்.

மங்கையர்க்கரசி சிரிக்கவில்லை. மௌலா அலி ஆலையில் முப்பது வருஷத்துக்கு மேல் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர் குணசேகரன். உலோகக் குழாய்களை மைக்ரோமீட்டரில் பிடித்து, தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடித்துக் கழித்துக் கட்டும் வேலை. அவர் கை ஆடி அவள் பார்த்ததே இல்லை. காலையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார். படம் எடுத்த அந்தக் கணத்தில் அவருடைய மணிக்கட்டு, யாருக்கோ சைகை காட்டுவதுபோல், வேண்டுமென்றே ஒருமுறை அசைந்ததை அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"இன்னைக்கு வேணாங்க, போலாம்" என்றாள்.

ரோட்டைக் கடந்தால் எதிரே ஒரு இரானி ஹோட்டல். மழைக்கு ஒதுங்கியவர்களும் டீக்கு வந்தவர்களுமாக இரைச்சலாக இருந்தது. ஓரத்து மேஜையில் உட்கார்ந்தார்கள். விளிம்புவரை தளும்பும் இரண்டு கப் டீ வந்தது. அவள் தொடுவதற்குள் குணசேகரன் அவள் கப்பிலிருந்து பாதியைத் தன் சாஸரில் ஊற்றிக்கொண்டார். கொஞ்ச நாளாகவே செய்வதுதான். வயசான காலத்தில் இந்த மனுஷனுக்கு டீமேல் இத்தனை ஆசையா என்று நினைத்திருந்தாள். இப்போது அந்தப் பாதிக் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் நினைவுக்கு வந்தன. ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டு வேலைகளை அவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "உனக்கு டிகாஷன் பதமே வரல" என்று காபி போடுவதை எடுத்துக்கொண்டார். சாம்பார் பரிமாறுவதை எடுத்துக்கொண்டார். விளக்குக்கு எண்ணெய் விடுவது, சட்டைக்குத் தையல் போடுவது, காய் நறுக்குவது, பாங்குப் படிவங்களை நிரப்புவது. ஒவ்வொன்றுக்கும் அவள் சண்டை போட்டிருக்கிறாள். பெங்களூரில் வேலையிலிருக்கும் மகள் தாரிணியிடம் போனில், "உங்கப்பா அடுப்படியில ஆபீஸ் நடத்துறார்டி, தாங்க முடியல" என்று புலம்பியிருக்கிறாள். அவர் எடுத்துக்கொண்டவை எல்லாமே கை நிற்கவேண்டிய வேலைகள். சாமான் கழுவுவதையும் துணி மடிப்பதையும் வீடு பெருக்குவதையும் அவர் ஒருநாளும் தொட்டதில்லை. சோம்பேறித்தனம் என்று அதற்கும் திட்டியிருக்கிறாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

அவர் சாஸரைக் கீழே வைத்தார். என்ன என்று கேட்கவில்லை. "பொங்கலுக்கு முன்னாடியே."

"ஏன் கேக்கல?"

"நீ சொல்லலையே, மங்கை." மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீயா சொல்வேன்னு பாத்தேன். உங்க அண்ணனை நெனச்சு நீ பயந்துகிட்டு இருக்கேன்னு தெரியும். கேட்டா நீ உடைஞ்சுருவியோன்னு ஒரு இது. அதைவிட, கேட்டா நிஜமாயிருமேன்னு எனக்கே பயம். அதான் வாய மூடிகிட்டு வேலையப் பாத்தேன்."

நன்றி என்று ஒரு சொல் இருக்கிறது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அதை அவரிடம் சொன்னதில்லை, சொன்னால் நாடகம் மாதிரி இருக்கும். "சாம்பார்ல பெருங்காயம் ஜாஸ்தியா போடுறீங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"குறைச்சுக்கறேன்" என்றார் குணசேகரன். பிறகு குரலைத் தாழ்த்தி, "டாக்டர்கிட்ட போயிரலாம்" என்றார்.

"டாக்டர்கிட்ட போனாத்தான் கேமரான்னா எனக்குக் கேமராவே வேணாம்."

"அது வேற, இது வேற. கேமரா இன்னைக்கே வாங்குறோம். எங்க ஆபீஸ்ல போட்டோ எடுப்பாரே ராஜகோபால், அவர்ட்ட போன வாரமே கேட்டுட்டேன். குழாய்ல விரிசல் விட்டா அவர்தான் கிட்ட வச்சுப் படம் எடுப்பார். இத்துனூண்டு பொருளைக் கிட்டத்துல எடுக்கறதுன்னா யாரா இருந்தாலும் கையில பிடிச்சு எடுக்கக் கூடாதாம். தானும் ஸ்டாண்டுல வச்சுத்தான் எடுப்பேன்னார். மெகாபிக்சல் பூதத்தையெல்லாம் நம்பாதே, எவ்வளவு கிட்ட போகுதுன்னு மட்டும் பாருன்னார்."

"அப்ப கடையில மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"உன் சாமான், உன் கேமரா. நீ எடுத்துப் பாக்கணும்னு ஆசைப்பட்டே. நான் மூக்க நுழைச்சா நல்லாவா இருக்கும்?" அடுப்படியில் மட்டும் மூக்கை நுழைத்ததை அவள் சொல்லிக் காட்டவில்லை.

மறுபடியும் ரோட்டைக் கடந்தார்கள். யூசுஃப் பாய் அவர்களை எதிர்பார்க்கவில்லை. அவசரமாக நாற்காலி போட்டார். இந்த முறை குணசேகரன் வாயைத் திறக்கவில்லை; மங்கையர்க்கரசிதான் கேட்டாள். எந்தக் கேமராவில் பூ அடையாளத்தை வைத்தால் பொருளுக்கு மிகக் கிட்டே போகலாம்? கை தொடாமல் தானாகவே எடுக்குமா? கீழே வைக்கச் சின்ன முக்காலி இருக்கிறதா? கேட்கக் கேட்க அவள் குரல் அலுவலகக் குரலாக மாறியது. ரோஜா நிறத்து ஒல்லிக் கேமரா முதலிலேயே கழிந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி நிற்கவேண்டும். தூரத்துக் கோபுரத்தைக் கிட்டே இழுத்துக் காட்டும் பெரிய கேமராவை யூசுஃப் பாய் ஆசையாகக் காட்டினார். "எனக்குக் கோபுரம் நக்கோ, வேணாம் பாய். பொத்தான்" என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். கடைசியில் மேல்தட்டிலிருந்து போன வருஷத்து மாடல் ஒன்று இறங்கியது. தடிமனாக, அழகே இல்லாமல், யாரும் கேட்காமல் தூசி படிந்து கிடந்தது. திரையைத் தனியாகத் திருப்பிக்கொள்ளலாம். பொத்தானுக்கு இரண்டு விரல் தள்ளி வைத்தாலும் தெளிவாகப் பார்த்தது. தானாக எடுக்கும் வசதியும் இருந்தது.

முக்காலியில் அதை நிறுத்தினார்கள். மங்கையர்க்கரசி விசையைத் தட்டிவிட்டு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். கேமராவின் நெற்றியில் ஒரு சிவப்புப் பொட்டு மின்னி மின்னி எரிந்தது. மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். க்ளிக். திரையில் பெரிதாக்கினாள். பித்தளையின் பழைய கீறல்களுக்கு நடுவே, தேய்ந்தும் தேயாமலும் ஆங்கில எழுத்துகள் வட்டமாக எழுந்து வந்தன. லண்டன் என்றுதான் இருக்கும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். ஒரு பெயர், 'அண்டு சன்ஸ்', அப்புறம் செகந்திராபாத். யூசுஃப் பாய் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "அரே, அப்னா சிகந்திராபாத்! நம்ம ஊரு!" என்று தன் பாட்டனார் பெயரையே பார்த்துவிட்டதுபோல் கத்தினார். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இலவசப் பையை ரோஜா கேமராவிலிருந்து பிரித்து அவள் கையில் திணித்தார்.

அடுத்த வாரம், கேமராவைச் சாக்காக வைத்து இனிமேல் மறுக்கமுடியாது என்பதால், தார்நாகாவில் நரம்பு மருத்துவர் ஒருவரிடம் போனாள். டாக்டர் எலிசபெத் நாகர்கோவில்காரர். ஒரு காகிதத்தைக் கொடுத்து நத்தைக் கூடு மாதிரி சுழி வரையச் சொன்னார். கோடு அலையலையாகப் போனது. தண்ணீர்த் தம்ளரைத் தூக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு மடியில் கிடந்த அவள் கைகளையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சும்மா வச்சிருக்கும்போது ஆடலைல்லா? வேலை செய்யும்போதுதான் ஆடுது. இது உங்க அண்ணனுக்கு வந்தது இல்லம்மா. வேற நடுக்கம். முழுசா போகாது, வயசாக ஆகக் கொஞ்சம் கூடலாம். ஆனா இதனால நீங்க படுக்கையில விழ மாட்டீங்க. மாத்திரை தாறேன்" என்றார். மங்கையர்க்கரசி தலையாட்டினாள். பக்கத்து நாற்காலியிலிருந்து ஏதோ சத்தம் வந்ததே என்று திரும்பிப் பார்த்தாள். குணசேகரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, முன்னறை ஜன்னலோரம் மேஜையை இழுத்துப் போட்டு நிஜாம் ரயில்வே பொத்தான்களை முன்பக்கம் எடுத்தார்கள். அவள் திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவர் பொத்தானை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி வைத்தார். வாய் மட்டும் ஓயவில்லை. வெளிச்சம் இந்தப் பக்கம் வரணும், அந்தப் பக்கம் போகணும், ராஜகோபால் என்ன சொன்னார் தெரியுமா என்று. தாரிணி விட்டுப்போன கம்ப்யூட்டரில், கடையில் எடுத்த பின்புறத்தையும் சேர்த்துப் படங்களை ஏற்றிச் சுதர்சனுக்கு அனுப்பினாள். மதியமே பதில் வந்தது. பின்புற எழுத்தைப் பார்த்துத் துள்ளிக் குதித்திருந்தார். முன்பக்கம் மட்டும், பித்தளையில் எதிரொளி விழுகிறது, சுற்றிலும் வெள்ளைக் காகிதத்தை வளைத்து வைத்து இன்னொரு முறை எடுக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டிருந்தார். காகிதம் வைத்து எடுத்தபோது கிரீடமும் எழுத்தும் கோயில் சிற்பம் மாதிரி வந்தன. அவற்றை அனுப்பிவிட்டு, எதிரொளி விழுந்த பழைய படத்தை அழிக்கப் போனவள் கையை நிறுத்தினாள்.

உள்ளே தாளிக்கும் சத்தம் கேட்டது. அவள் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். கிரீடத்துக்குக் கீழே, பொத்தான் வயிறுபோல் குவிந்திருந்த இடத்தில், ஜன்னல் ஒரு வெள்ளைச் சதுரமாக வளைந்து கிடந்தது. ஜன்னலுக்கு முன்னால் கடுகளவாக இரண்டு தலைகள், ஒன்றையொன்று முட்டிவிடுவதுபோல் குனிந்திருந்தன. அதில் ஒன்று வாயைத் திறந்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது.