அண்ணனுக்காக ஓடியவன்

அண்ணன் அவனைச் சின்ன வயதிலிருந்தே 'உருண்டை' என்றுதான் கூப்பிடுவார். அவனுக்குப் பேக்கரியில் ரொட்டி சுடுகிற வேலை. விடியும் முன்பே மாவு பிசைந்து, அடுப்பு முன்னால் நின்று, பிய்ந்ததையும் கருகியதையும் வாயில் போட்டுப் போட்டே வளர்ந்த உடம்பு. அண்ணன் நேர் எதிர். லிஃப்ட் மெக்கானிக். பூனை மாதிரி இண்டு இடுக்கில் எல்லாம் நுழைந்து வெளியே வருகிற ஆள்.

அந்த அண்ணனுக்குத்தான் கல்லீரல் கெட்டுப்போனது. குடி கிடையாது, வெற்றிலை கிடையாது. உடம்பே தன் ஈரலைத் தானே அரிக்கிறது என்றார் டாக்டர். சொந்தத்தில் யாராவது ஒரு பங்கு கொடுத்தால்தான் பிழைப்பார். அண்ணியின் ரத்தம் சேரவில்லை. தம்பியின் ரத்தம் சேர்ந்தது. ஆனால் ஸ்கேன் எடுத்தபோது அவன் ஈரல் முழுக்கக் கொழுப்பு.

"இதை வெட்டினா ரெண்டு பேருக்குமே ஆபத்து. ஓடுங்க, சாப்பாட்டைக் குறைங்க. கொழுப்பு கரைஞ்சதும் வாங்க" என்றார் டாக்டர்.

வெளியே அண்ணி காத்திருந்தாள். "என்ன தம்பி சொன்னாங்க?"

"கொஞ்சம் இளைக்கணுமாம் அண்ணி."

அதைச் சொல்ல அவனுக்கு நாக்கு கூசியது.

அன்று சாயங்காலமே ஷூ வாங்கி, வாய்க்கால் ஓரத்துச் சாலையில் ஓடினான். தலைதெறிக்க ஓடினான். திருப்பத்தில் நின்று வாந்தி எடுத்தான். மறுநாளும் அதேதான். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இவன் எப்படி மெதுவாகப் போவது? அந்த வாரம் முடிவதற்குள் முழங்காலுக்குக் கீழே எலும்பு விண்விண் என்று தெறித்தது. காலை ஊன்ற முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் அம்மா அவன் காலை அழுத்திப் பார்த்தாள். "யாருங்க உங்களைத் துரத்தினது?" என்று கேட்டவள், விஷயம் தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க அவசரப்பட்டா அவருக்குத்தான் நாள் வீணாகும். மொதல்ல கால் ஆறட்டும். அப்புறம் கொஞ்சம் ஓடுங்க, கொஞ்சம் நடங்க. பக்கத்துல ஆள் இருந்தா பேசிக்கிட்டே போக முடியணும், அந்த வேகம் போதும். ஒருநாள் விட்டு ஒருநாள். உடம்பு தேறுறது ஓடுறப்ப இல்லைங்க, ஓய்வுல இருக்கிறப்பதான்."

கால் ஆறும் வரை சாயங்காலங்களில் அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். அவர் கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்து மேடிட்டிருந்தது. அதைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். "இனிமே நான்தான்டா உருண்டை."

மறுபடி ஓடத் தொடங்கியபோது பக்கத்தில் ஆள் இல்லாததால் அண்ணனிடமே பேசிக்கொண்டு ஓடினான். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வேகத்தைக் குறைப்பான். நடக்கும் தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒருநாள் வாய்க்கால் பாலத்தில் நின்ற பிறகுதான் தெரிந்தது, வழியில் எங்கேயும் நடக்கவில்லை என்று. அந்த அம்மாவிடம் சொன்னான். "சரி, இனி வாரத்துல ஒரே ஒருநாள் பாலத்து மேட்டுல வேகமா ஏறுங்க. இறங்கும்போது நடந்து வாங்க. மத்த நாளெல்லாம் பழைய வேகம்தான்" என்றாள். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. படுத்ததும் தூக்கம் வந்தது.

ஒரு சாயங்காலம் வேர்வையில் காற்றுப் பட்டபோது, ஓடுவது அவனுக்குப் பிடித்திருந்தது. திருடிவிட்டவன் போல அப்படியே நின்றான். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனான்.

"அண்ணே, இன்னைக்கு ஓடறப்ப நல்லா இருந்துச்சு."

"அதுக்கு ஏன்டா மூஞ்சிய இப்படி வெச்சிருக்கே? எப்படி இருந்துச்சு, சொல்லு."

கால் தானாகப் போனதையும், வாய்க்காலில் தண்ணீர் கூடவே வந்ததையும் சொன்னான். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நிறுத்தினால், "அப்புறம்?" என்றார்.

அடுத்த ஸ்கேனைப் பார்த்து டாக்டரே கை கொடுத்தார். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அந்த நாள் நெருங்கும்போது அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. வயிற்று நீரில் பிடித்த கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது.

"இப்ப அவரு உடம்பு கத்தியைத் தாங்காது" என்றார் டாக்டர்.

"நான்தான் தயாரா இருக்கேனே சார்."

"நீங்க தயார்தான்" என்று சொல்லி, அவன் தோளில் கை வைத்தார். 

கிருமி இறங்கவில்லை. நல்ல வெயில் அடித்த ஒரு மத்தியானத்தில் அண்ணன் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவன் அந்த உடற்பயிற்சி அம்மாவைத் தேடிப் போனான். "மொதல்லயே நான் காலைக் கெடுத்துக்காம இருந்திருந்தா?" என்று கேட்டான். ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவள் அவனை நேராகப் பார்த்து, "தெரியலைங்க" என்றாள்.

வயிறு நேரத்துக்குப் பசித்தது. பேக்கரியில் மாவு மூட்டையைத் தூக்கினால் மூச்சு வாங்கவில்லை. வாழ்நாளில் இவ்வளவு ஆரோக்கியமாக அவன் இருந்ததே இல்லை. அந்த உடம்பைச் சுமந்து திரிவதுதான் பாரமாக இருந்தது. ஓடப் போகவில்லை. பிறகு ஒருநாள், வீட்டில் இருக்க முடியாமல் போனான். பாலம் வரை வாய் பேசவில்லை. அழுகை வந்தது, அழுதுகொண்டே ஓடினான். மூச்சு அதற்கும் இடம் கொடுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி கூப்பிட்டனுப்பினாள். அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் நோய் வருவதற்கு முன்பு போட்ட சட்டைகள் கட்டிலில் கிடந்தன.

"இதெல்லாம் உங்களுக்கு இப்பச் சரியா இருக்கும் தம்பி. போட்டுப் பாருங்க."

நீலக் கோடு போட்ட ஒன்றை எடுத்துப் போட்டான். பொத்தான்கள் இழுக்காமல் கொள்ளாமல் மூடின. மடங்கியிருந்த காலரைச் சரிசெய்யப் பின்னால் வந்த அண்ணியின் கை பாதியில் நின்றது.

"கழட்டிடவா அண்ணி?"

"வேணாம். போட்டுக்கோங்க."

அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரச் சத்தம் எதுவும் கேட்கவில்லை, தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் அந்தச் சட்டையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் குழாயை மூடும் வரை காத்திருந்தான்.